பொருள்: ‘மரபு நிரல்’ சரிதானா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

செ., சேலம்

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான மென்பொருள் பாடக் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ‘லெகசி கோடு’ என்ற ஒரே சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன். எழுதியவர் எப்போதோ போய்விட்டார், தொட எல்லோருக்கும் அச்சம், ஆனாலும் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கிறதே, அந்த நிரல் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு).

அப்படிப்பட்ட பழைய நிரல், மென்பொருளின் புதிய பதிப்பின் பெயரையே எப்படித் தீர்மானிக்கிறது என்பதுதான் பாடம். 2009இல் ஓப்பரா உலாவியின் 10ஆம் பதிப்பு வந்தது. பல இணையதளங்களின் நிரல், பதிப்பெண்ணின் முதல் இலக்கத்தை மட்டுமே படித்தது. 10 அதன் கண்ணுக்கு 1 ஆகிவிட்டது. மிகப் பழைய உலாவி என்று எண்ணிக் கதவைச் சாத்தியது. கடைசியில் ஓப்பரா தன்னை 9.80 என்றே அறிவித்துக்கொண்டு, உண்மையான எண்ணைத் தளங்களுக்குத் தன்னை அறிமுகப்படுத்தும் வரியின் இறுதியில் வைத்தது.

இப்போதைக்கு ‘மரபு நிரல்’ என்று போட்டிருக்கிறேன். “மரபு என்றால் போற்ற வேண்டியது அல்லவா? இதை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?” என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

புலவர் ந., தஞ்சாவூர்

மாணவி கேட்டது முற்றிலும் நியாயம். ‘எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே’ என்பது நன்னூல். அவசரத்தில் ஒருவர் எழுதிய அரைகுறைச் சோதனையை மரபு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

‘எச்ச நிரல்’ என்று வையுங்கள். ஒருவர் விட்டுச்சென்றது எச்சம். ‘எச்சத்தாற் காணப் படும்’ என்ற குறளை நினைவூட்ட வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது இலக்கணம். ‘வந்த’ என்பது தான் முற்றுப்பெறாமல் நின்று, பின்னால் வரும் பெயரை வேண்டி நிற்கிறது. பழைய நிரலும் முற்றுப்பெறாமல் நின்றுகொண்டு, பின்னால் வரும் பதிப்பு எந்தப் பெயரில் வர வேண்டும் என்று கேட்கிறது. இது பெயரெச்சமேதான்!

வி., கோவை

> இது பெயரெச்சமேதான்!

ஐயா, இந்த விளக்கத்தை இரண்டு முறை படித்து மகிழ்ந்தேன். ஆனால் நான் இருபது ஆண்டுகளாக நிரல் எழுதுகிறேன். எச்சம் என்றதும் என் மனத்தில் முதலில் வருவது காக்கை எச்சம். மாணவர்களுக்கும் அப்படித்தான் வரும். தவிர, மிஞ்சிக் கிடப்பதல்ல இது, ஆட்சி செய்வது. 2011இல் லினக்ஸ் இயங்குதளக் கரு (கெர்னல்) 3.0 வந்தபோது, 2.6 என்ற தொடக்கத்தையே எதிர்பார்த்த நிரல்கள் தடுமாறின. அவற்றுக்காக 3.0ஐ 2.6.40 என்று காட்டும் வசதியைக் கெர்னலிலேயே சேர்த்தார்கள்.

செ. அம்மா, விண்டோஸ் 7ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் எக்ஸ்பியின் உள் எண் 5.1. சில நிரல்கள் முன்னெண் 5க்கும் பின்னெண் 1க்கும் குறையக்கூடாது என்று தனித்தனியே சோதித்தன. விஸ்டா 6.0 என்று வந்ததும், பின்னெண் 0 என்பதால் ஓட மறுத்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகு முன்னெண்ணைத் தொடவில்லை. விண்டோஸ் 7க்கு உள்ளே 6.1தான். விண்டோஸ் 9 ஏன் வரவில்லை என்பதற்கு, பெயர் ‘விண்டோஸ் 9’ என்று தொடங்கினாலே 95, 98 என்று எண்ணிக்கொள்ளும் பழைய நிரல்களைக் காரணம் காட்டும் கதையைச் சேர்க்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் அதை உறுதிசெய்ததில்லை.

‘பழைய நிரல்’ என்றாலே போதும் என்பது என் கருத்து.

த., யாழ்ப்பாணம்

எங்கள் ஊரில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: முதுசம், அதாவது முன்னோர் வழி வந்த சொத்து. 1707இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரிக்கிறது. முதுசக் காணி கைக்கு வரும்போது அதன் வேலிச் சண்டையும் கூடவே வரும். நிரலும் அப்படித்தானே? மற்ற இரண்டையும்கூட எடுத்தாளலாம். நாமே எழுதியது தேடியதேட்டம். வெளியிலிருந்து வந்து சேரும் நிரலகம் (லைப்ரரி) சீதனம்.

புலவர் ந., தஞ்சாவூர்

அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் முதுசம், அதாவது முதுசொம் என்பதன் பிற்பாதி வடமொழி ‘ஸ்வம்’. பாதிதான் நம்முடையது. எச்சத்தைக் கேட்டு மாணவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதையும் ஏற்கமாட்டேன். பெயரெச்சம், வினையெச்சம் என்று பள்ளியிலேயே படித்து வந்தவர்கள்தானே.

த., யாழ்ப்பாணம்

அப்படியானால் ‘சொந்தம்’ என்ற சொல்லையும் விலக்குவீர்களா, ஐயா? முந்நூறு ஆண்டு காணி உறுதிப் பத்திரங்களில் புழங்கிய சொல்லுக்கு இனியும் பிறப்புச் சான்றிதழ் கேட்பது நியாயமில்லை.

மு., மதுரை

மரபைக் கைவிட வேண்டாம். தொல்காப்பியத்தின் மரபியல் எதில் தொடங்குகிறது? பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று எந்த உயிரின் இளமையை எந்தப் பெயரால் அழைப்பது என்பதில். அங்கே மரபு என்பது போற்றுதலைப் பற்றியது அல்ல, பெயரைப் பற்றியது. ‘மரபுநிலை திரியின் பிறிதுபிறி தாகும்’ என்கிறது நூற்பா. ஓப்பராவுக்கு நேர்ந்தது இதுவே. எண் வழக்கத்திலிருந்து திரிந்தது, தளங்களுக்கு அது வேறொன்றாகிவிட்டது. அந்த மாணவியிடம் இதைச் சொல்லுங்கள்.

செ., சேலம்

நாளை காலை அச்சகத்துக்குப் போகிறேன். குழுவில் மற்றவர்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்ததில் மரபு நிரலுக்கு நால்வர், முதுசத்துக்கு இருவர், எச்சத்துக்கும் பழைய நிரலுக்கும் ஒவ்வொருவர். ‘மரபு நிரல்’ என்றே விடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மு. ஐயாவின் விளக்கத்தை இரண்டு வரியில் சேர்த்திருக்கிறேன். முதுசத்தை விட மனமில்லை. பயிற்சி வினாவில் வைத்திருக்கிறேன்.

புலவர் ந., தஞ்சாவூர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் அதே மரபியல் நூற்பாவைக் கொண்டே சொல்கிறேன்: பிறழ்ந்த ஒன்றுக்கு மரபு என்று பெயரிட்டால், மரபு என்ற சொல்லே பிறிதாகிவிடும். மறுபதிப்பு வரும்போது தெரிவியுங்கள், அம்மா. எச்சத்துக்கு அப்போது மீண்டும் எழுதுவேன்.