அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு 23 பேர் வீட்டுக்கு வர்றாங்க, ராத்திரியே என்னென்ன செஞ்சு வைக்கலாம்?

செல்லூர் மருமகள்:
இன்னைக்கு எதிர்சேவை, மதுரைக்கு வர்ற அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கிற நாள். நாளைக்கு விடியக்காலம் வைகை ஆத்துல இறங்குறார். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கமிருந்து வீட்டுக்காரர் சொந்தம் வர்றதா காலையிலதான் போன் வந்துச்சு. பெரியவங்க 18, பிள்ளைங்க 5. ராத்திரிச் சாப்பாட்டை முடிச்சுட்டு வந்துருவாங்க. விடியக்காலம் 3 மணிக்கு நான் உட்பட எல்லாரும் ஆத்துக்குக் கிளம்பிருவோம், திரும்ப எட்டு எட்டரை ஆகும். வந்ததும் சாப்பாடு தயாரா இருக்கணும். ரெண்டு அடுப்பு, 5 லிட்டர் குக்கர், சின்ன ஃப்ரிட்ஜ், இதுதான் இருக்கு. புளியோதரையும் தயிர்சாதமும் போதும்னு நினைக்கிறேன். அளவு என்ன, எது ராத்திரி தாங்கும், எது தாங்காது? பிள்ளைங்க ஜிகர்தண்டா கேக்குதுக, அது வீட்ல ஆகுமா?

கட்டுச்சோறு:
தாராளமா ஆகும் மதினி. அரிசி மொத்தம் இரண்டரை கிலோ. புளியோதரைக்கு ஒன்றரை, தயிர்சாதத்துக்கு ஒண்ணு. பழைய பொன்னி பச்சரிசி வாங்குங்க, புது அரிசின்னா குழையும்.

புளிக்காய்ச்சலை இன்னைக்கு மதியமே முடிச்சுருங்க. ஒன்றரை கிலோ அரிசிக்குப் புளி 225 கிராம், நல்லெண்ணெய் 300 மில்லி, நிலக்கடலை 150 கிராம், மிளகாய் வத்தல் தாளிக்க 12. பொடிக்கு மிளகாய் வத்தல் 15, மல்லி 4 மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு 3, எள்ளு 3, வெந்தயம் ஒன்றரை டீஸ்பூன். வெந்தயம் கறுத்தா மொத்தமும் கசந்துரும், அதைத் தனியா சிறுதீயில வறுங்க. கரைசல் நல்லா வத்தி எண்ணெய் மேல பிரிஞ்சு நிக்கணும். அவசரத்துல தண்ணியா இறக்கினா பச்சைப்புளி வாடை வரும், சோறும் நசநசன்னு ஆகி சீக்கிரம் ஊசிப்போகும். உப்பு தூக்கலாவே இருக்கட்டும், சோறு இழுத்துக்கும். ஒரு நெல்லிக்காய் அளவு வெல்லம், பெருங்காயம். கடலையைத் தனியா வறுத்து டப்பாவுல போட்டு வைங்க, சாப்பிடும்போது கலந்தாத்தான் மொறுமொறுன்னு இருக்கும்.

5 லிட்டர் குக்கர்ல ஒரு தடவைக்கு முக்கால் கிலோவுக்கு மேல போடாதீங்க, நுரை விசில் வழியா பொங்கும், மேல் சோறு வேகாது. அரிசி ஒண்ணுக்குத் தண்ணி ரெண்டு. இறக்கினதும் அகலமான தாம்பாளத்துல பரப்பி, மேல நாலு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, விசிறி போட்டு ஆறவிடுங்க. கெட்டுப்போறது பெரும்பாலும் இந்த இடத்துலதான். சூட்டோட குவிச்சு மூடினா ஆவி தண்ணியா இறங்கும், சித்திரை வெக்கைக்கு விடியறதுக்குள்ள நூல் விட்டுரும். முழுசா ஆறினதும் புளிக்காய்ச்சலைக் கலந்து, மெல்லிய துணி போட்டு மூடுங்க. தட்டு போட்டு இறுக்கி மூட வேண்டாம். ராத்திரி 11 மணிக்கு முன்ன கலக்காதீங்க, காலையில பத்துக்குள்ள தீர்த்துருங்க.

தயிர்சாதத்தை ராத்திரியே தயிர் ஊத்திக் கலந்தா எட்டு மணிக்குப் புளிச்ச கஞ்சிதான். அரை அரை கிலோவா, ஒண்ணுக்கு மூன்றரை தண்ணி வச்சுக் குழைய வேகவிட்டு, சூட்டோட மசிச்சு, காய்ச்சின பால் 2 லிட்டரும் உப்பும் சேத்து வைங்க. கிளம்பறதுக்கு முன்ன அடியில விரலை விட்டுப் பாருங்க. வெதுவெதுன்னு இருக்கணும். அப்ப 100 மில்லி புதுத்தயிர் விட்டுக் கிண்டிட்டுப் போங்க, இந்த வெக்கைக்கு அஞ்சு மணி நேரத்துல பக்குவமா உறைஞ்சிருக்கும். விரல் சுடுற சூட்டுல ஊத்தினா உறையாது. கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய் தாளிப்பு, வெள்ளரிக்காய் எல்லாம் திரும்பி வந்து சேருங்க. பாத்திரம் 10 லிட்டராவது வேணும்.

தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைச்ச துவையல் எதுவும் வேண்டாம். தொட்டுக்க மோர்மிளகாயும் வத்தலும் ராத்திரியே பொரிச்சு, ஆறின பிறகு டப்பாவுல அடைங்க. மாங்காய் சீசன்தான், ஒரு கிலோ கிளிமூக்கு பொடியா நறுக்கி உப்பு, மிளகாய்ப்பொடி, எண்ணெயில கடுகு பெருங்காயம்.

ஆரப்பாளையத்தான்:
கட்டுச்சோறு சொன்ன பக்குவம் சரி, அளவு மட்டும் கூட. கோரிப்பாளையம், தல்லாகுளம், ஆத்தங்கரை எங்க திரும்பினாலும் நீர்மோர், பானகம், பொங்கல், சுண்டல்னு குடுத்துக்கிட்டே இருப்பாங்க. பிள்ளைங்க வயிறு அங்கேயே ரொம்பிரும். ரெண்டு கிலோ அரிசி போதும், புளியோதரையில அரை கிலோவைக் குறைங்க. மீந்தா அதை மத்தியானத்துக்கு வைக்கக் கூடாதுங்கறதையும் பாருங்க.

வாங்க வேண்டியதை மதியம் 2 மணிக்குள்ள முடிச்சுருங்க அக்கா, சாயங்காலத்துக்கு மேல ரோட்டை அடைச்சுருவாங்க. வாழை இலை 30, பால், தண்ணிக் கேன் 4 (ஆட்டோ சந்துக்குள்ள வராது, இப்பவே சொல்லுங்க). சாமிக்குச் செம்புல நாட்டுச்சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏத்துறவங்க இருந்தா சூடமும் சர்க்கரையும் அதோட வாங்கிருங்க, ராத்திரி விலை வேற மாதிரி இருக்கும். இலையைச் சுருட்டி ஈரத்துணியில வைங்க, ஃப்ரிட்ஜ்ல வேண்டாம், கறுத்துரும்.

இன்னொண்ணு, யாரும் யோசிக்காதது: கக்கூஸ். 23 பேரும் ரெண்டரை மணிக்கு ஒரே நேரத்துல குளிக்க நிப்பாங்க. ராத்திரி படுக்குமுன்ன டேங்கை நிரப்பி, ரெண்டு டிரம்முல தனியா பிடிச்சு வைங்க. ஆம்பளைங்க மொட்டை மாடியிலயே வாளியில குளிச்சுக்கட்டும்.

விளக்குத்தூண்:
ஜிகர்தண்டா செய்யலாம், ஆனா முடிவை இப்பவே எடுக்கணும். பாதாம் பிசின் எட்டு மணி நேரமாவது ஊறணும். 23 பேருக்கு 25 கிராம் போதும், அண்டாவா ஊதும். அரைகுறையா ஊறினா நடுவுல கல்லு மாதிரி தட்டும். ரெண்டு தடவை அலசித் தூசியை எடுத்துட்டு, நிறையத் தண்ணியில போடுங்க. பால் மூன்றரை லிட்டரை ரெண்டரையா வத்தக் காய்ச்சி, 150 கிராம் சர்க்கரை போட்டு, ஆறவச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க. சூடு இருக்கையில வச்சா சின்ன ஃப்ரிட்ஜ் ராத்திரி முழுக்க திணறும், உள்ள இருக்கற மத்தது கெடும்.

நன்னாரி சர்பத் பாட்டில்ல சிட்ரிக் அமிலம்னு போட்டிருக்கான்னு படிங்க. எலுமிச்சைக்குன்னு வர்ற சிரப்புல அது இருக்கும், பால்ல ஊத்தினா திரியும். கிளாஸுக்கு பிசின் ரெண்டு ஸ்பூன், சிரப் ஒண்ணு, பால் 100 மில்லி, மேல ஐஸ்கிரீம் ஒரு கரண்டி. ஐஸ்கிரீம் ரெண்டு லிட்டர் வேணும். ஃப்ரீசர்ல இடமில்லன்னா பிள்ளைங்களுக்கு மட்டும் போடுங்க, பெரியவங்களுக்கு நீர்மோர்: ஒரு லிட்டர் தயிருக்கு நாலு லிட்டர் தண்ணி.

செல்லூர் மருமகள்:
எல்லாருக்கும் நன்றி. அளவு ரெண்டு கிலோன்னே வச்சுக்கறேன். பக்கத்து வீட்ல 15 லிட்டர் அலுமினியப் பானை தர்றாங்க. புளியோதரைச் சோத்தைக் குக்கர்ல ரெண்டு தடவை வைக்காம, அதுல ஒரே தடவையா வடிக்கலாமா?

கட்டுச்சோறு:
வடிச்சா இன்னும் நல்லது, பொலபொலன்னு வரும். ஒரு கிலோ அரிசிக்கு ஏழு லிட்டர் தண்ணி. பெரிய அடுப்புல கொதி வரவே அரை மணிக்கு மேல ஆகும், அதை நேரக்கணக்குல சேருங்க. நல்லா தளதளன்னு கொதிக்கும்போது ஊறவச்ச அரிசியைப் போடுங்க, நசுக்கினா நடுவுல ஒரு புள்ளி மட்டும் நிக்கற பதத்துல வடிச்சுருங்க. தாம்பாளத்துல பரப்பின சூட்டுலயே மிச்சம் வெந்துரும். முழுசா வெந்த பிறகு வடிச்சா காலையில களிதான். பானையைத் தனியா தூக்கி வடிக்காதீங்க மதினி, ரெண்டு பேரா பிடிங்க.

நான் சொன்ன 225 கிராம் புளியை 150-ஆக்கி, எண்ணெய், பொடி எல்லாத்தையும் அதே மாதிரி மூணுல ஒரு பங்கு குறைச்சுருங்க.