சிகிரியா டிக்கெட்: கொள்ளையா, நியாயமா?

குழித்துறைக்காரன்:
திருவனந்தபுரத்துல ஏறினா ஒரு மணி நேரத்துல கொழும்பு. நம்ம குமரி மாவட்டத்துல இருந்து இலங்கையில இருக்குற சிகிரியா பாறைக் கோட்டைக்குப் போறவங்க அதிகம்தான். ஆனா உள்ளூர்க்காரனுக்குச் சில்லறைக் காசு, நமக்கு டாலர்ல வாங்குதான். உள்ள போனா ஓவியத்தை போட்டோ எடுக்கக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது. இது பாதுகாப்பா, யாவாரமா?

கோட்டாறு வாசி:
அண்ணே, பாதிதான் சொல்லியிருக்கிய. இந்தியா, இலங்கை எல்லாம் சேர்ந்த தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாட்டுக்காரங்களுக்குக் குறைஞ்ச விலை தனியா உண்டு. கவுண்டர்ல பாஸ்போர்ட்டைக் காட்டணும். அதை ஹோட்டல் ரூம்ல வச்சிட்டுப் போனா முழு விலையைக் கட்ட வேண்டி வரும். கம்போடியாவுல அங்கோர் வாட் கோயிலைப் பாருங்க: ஒரு நாளைக்கு 37 டாலர், மூணு நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. இந்தியன்னு சொன்னா ஒரு சென்ட் குறையாது.

குழித்துறைக்காரன்:
அங்கோர் சரி. மாமல்லபுரத்துக்கு வாங்க. மத்த வெளிநாட்டுக்காரனுக்கு 600 ரூபாய். இலங்கைக்காரங்களுக்கு நம்மளப் போல 40. நாம சார்க்குக்கு உள்ளூர் விலையே போடுதோம். அவங்க ‘குறைச்சிருக்கோம்’னு சொல்லி டாலர்தான் கேக்குதாங்க. இது எந்த ஊரு கணக்கு?

கோட்டாறு வாசி:
அது சரியான கேள்வி, ஒத்துக்கிடுதேன். ஆனா போட்டோ தடையை இதோட சேக்காதீங்க. அது 5-ஆம் நூற்றாண்டு ஓவியம், காசியப்பன் ராஜா காலத்தது. 1967-ல் எவனோ பச்சை பெயின்ட்டைப் பூசிட்டுப் போனான். அதை எடுக்க இத்தாலியில இருந்து நிபுணர் வர வேண்டியிருந்துச்சு. நீங்க சொன்ன அந்தச் சுவருக்குப் பேரு கண்ணாடிச் சுவர்; ஆனா கண்ணாடி இல்ல, பளபளப்பான சுண்ணாம்புப் பூச்சு. பத்மநாபபுரம் அரண்மனைத் தரையைப் பாத்தவங்களுக்கு அந்த மினுக்கம் புரியும். அதுல நகம் பட்டாலும் தடம்தான்.

குழித்துறைக்காரன்:
அந்தச் சுவர்லயே பழைய ஆளுங்க கிறுக்கி வச்சது 685 பாட்டு, தொல்லியல் அறிஞர் பரணவிதான 1956-ல் பதிப்பிச்சார். அது இலக்கியம். 2015-ல் மட்டக்களப்புப் பொண்ணு ஒண்ணு பேரை எழுதிச்சு, ரெண்டு வருசம் ஜெயில்னு தீர்ப்பு. அப்புறம் ஜனாதிபதி மன்னிப்பு குடுத்துதான் வெளிய வந்தா. இது கொடுமை இல்லியா?

கோட்டாறு வாசி:
தண்டனை அதிகம்தான். ஆனா இப்போ எழுதுற ஒவ்வொரு பேரும் எதுக்கு மேல விழுதுன்னு பாருங்க அண்ணே. அந்தப் பழைய பாட்டுக்கு மேலதான்.

மலையேறி:
விலைச் சண்டை நடக்கட்டும் மக்கா. காசு கட்டியும் பாதியில திரும்புறது வேற காரணத்துக்கு. படி ஏறத்தாழ 1,200. வெயில் ஏறிட்டா உச்சிப் பாறை தோசைக்கல்லு மாதிரி காயும். அதனால கதவு திறக்கிற நேரத்துக்கே நில்லுங்க, தண்ணியைக் கீழயே நிரப்பிக்கோங்க. ஓவியத்துக்குப் போறது குறுகலான சுழல் படி. அதைத் தாண்டி பெரிய சிங்கப் பாதம் ரெண்டு இருக்குற சிங்கக் கால் திடல், அங்க இருந்து பாறையை ஒட்டின இரும்புப் படி. மூட்டுவலிக்காரங்க, உயரம்னா பயப்படுறவங்க திடலோட நின்னுக்கலாம். நடுப்படியில நின்னு யோசிச்சா பின்னால வர்ற வரிசை முழுக்க நிக்கும்.

அடுத்தது பாறைக்கு அடியில தொங்குற குளவிக் கூடு, நம்ம ஊரு கடந்தல்தான். அமைதியா போகச் சொல்லி போர்டு இருக்குறது சும்மா இல்ல. கலைஞ்சா மலையையே மூடிருவாங்க. முப்பது பேரா பஸ்ல வந்து கூப்பாடு போடுற குரூப் கண்டிப்பா வேண்டாம். ஆறு பேருக்கு மேல கூட்டிட்டுப் போகாதீங்க.

குழித்துறைக்காரன்:
அப்போ சிகிரியாவை விட்டுட்டு எதிர்த்தாப்புல இருக்குற பிதுரங்கலப் பாறையில ஏறுங்கன்னு சொல்லுதேன். விலை ரொம்பக் கம்மி, சிகிரியாப் பாறை முழுசா கண்ணுக்கு முன்னால. சிகிரியா உச்சியிலயே நின்னா அந்தப் பாறை தெரியாதே!

மலையேறி:
காட்சிக்கு அதுதான் நல்லது, மறுக்க மாட்டேன். ஆனா ஓவியமும் சிங்கக் காலும் அங்க கிடையாது. கடைசி ஏத்தத்துல படியே இல்ல, பெரிய பாறைகளுக்கு ஊடால கையை ஊணித் தாவணும். கைக்குழந்தையோட போகாதீங்க, மழை பெய்ஞ்ச அன்னைக்கு யாருமே வேண்டாம். விடியலைப் பாக்கப் போனா டார்ச் கட்டாயம்.

கோட்டாறு வாசி:
பிதுரங்கலைக்கு ஏறுற வழி விகாரை வழியாதான். தோள், முழங்கால் ரெண்டும் மூடியிருக்கணும். புத்தருக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீங்க, அதைப் பெரிய அவமரியாதையா எடுத்துக்கிடுவாங்க. நம்மாளுங்களுக்கு இன்னொண்ணு: வேட்டி கட்டிப் போனா மடிச்சுக் கட்டாதீங்க.