ஈயக்குட்டையில் வேலை செய்த பெரியவர்கள் யாரையாவது தெரியுமா?

வணக்கம் உறவுகளே. எங்கள் தாத்தா மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜா பக்கம் ஈயச்சுரங்கத்தில் (வெள்ளீயம், அதாவது tin) வேலை பார்த்தவர். தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, சேற்றைப் பம்பு வைத்து ஏற்றி, பாலோங் என்ற நீண்ட மரச் சரிவில் ஓடவிடுவார்களாம். ஈயமணல் தண்ணீரைவிட ஏறக்குறைய 7 மடங்கு கனம், சாதாரண மணல் இரண்டரை மடங்குதான். அதனால் ஈயம் குறுக்குக் கட்டைகளில் தங்கிவிடும், மணல் ஓடிவிடும். இதுவரை புரிகிறது. கட்டைகளை எப்போது எடுத்துக் கழுவுவார்கள்? ஈயத்தோடு சேர்ந்து தங்கி மிஞ்சும் மற்ற கனமான மணலை, அதாவது அமாங்கை, என்ன செய்தார்கள்?

1985-இல் ஈய விலை விழுந்தது, சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். தாத்தாவும் இப்போது இல்லை. அவருடைய டூலாங் தட்டு மட்டும் வீட்டில் இருக்கிறது. அதைச் சுழற்றி ஈயம் பிரிக்கத் தெரிந்தவர்கள் ஈப்போ வட்டாரத்தில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். தட்டோடு நேரில் வருகிறேன், வீடியோ எடுத்து வைக்க வேண்டும்.