உதவி தேவை: ஹேண்ட்கார்டு மாட்டியபின் குறி நகர்ந்துகொண்டே போகிறது

பள்ளத்தூர்க்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஏர் ரைஃபிளுக்கு ஆன்லைனில் ஒரு அலுமினிய ஹேண்ட்கார்டு (பேரலைச் சுற்றி முன்பக்கம் மாட்டும் கைப்பிடி உறை) வாங்கி வீட்டிலேயே மாட்டினேன். ஃப்ரீ ஃப்ளோட், அதாவது பேரலைத் தொடாது என்றுதான் போட்டிருந்தது. முன்பு குரூப் நன்றாக இருந்தது, குண்டுகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் விழும். இப்போது முதல் சில குண்டுகள் சரியாக விழுகின்றன, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போகிறது. ஸ்கோப்பைத் திருகித் திருகி அலுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மச்சான்கள் வருகிறார்கள், மானம் போய்விடும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரஸ்தா ராஜா:
என்ன துப்பாக்கி? ஸ்பிரிங்கா, சிலிண்டரில் காற்று அடைத்துச் சுடும் பிசிபியா? எத்தனை மீட்டர்? எந்தப் பக்கம் நகர்கிறது? ஒன்றுமே சொல்லாமல் எப்படிச் சொல்வது தம்பி.

இரும்புக்கை:
இதில் கேட்க என்ன இருக்கிறது, முன்பக்க ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். ஸ்பிரிங் துப்பாக்கி உதறுகிற உதறலில் எல்லாம் கழன்றுவரும். ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீல நிறப் பசை, திரெட்லாக்கர், ஒரு சொட்டு விட்டு முறுக்குங்கள். முடிந்தது.

ரஸ்தா ராஜா:
ஸ்பிரிங் என்று அவர் சொல்லவே இல்லையே அண்ணே.

ஆசாரி மகன்:
எனக்கு மரத்தின் மேல்தான் சந்தேகம். மழை ஈரத்தில் ஸ்டாக், அதாவது துப்பாக்கிக் கட்டை, உப்பி பேரலைத் தொடும். ஒரு ரூபாய் நோட்டை பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு இழுத்துப் பாருங்கள், சிக்கினால் அங்கே இழைக்க வேண்டும். புதுக்கட்டை செய்வதென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பர்மா தேக்கு கிடைக்கும். எப்போதோ காய்ந்து முடிந்த மரம், இனி அவ்வளவு சுலபத்தில் நெளியாது.

கொப்புடையம்மன் துணை:
அந்தத் தேக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியுமா? பழைய செட்டிநாட்டு வீடுகளை ஒவ்வொன்றாக இடித்து, நிலை, கதவு, தூண் என்று பிரித்து விற்கிறார்கள். அதை வாங்கித் துப்பாக்கிக் கட்டை செதுக்க வேறு யோசனை.

ஆசாரி மகன்:
நான் இடிக்கச் சொன்னேனா? ஒரு வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள், ஓடு மாற்ற ஒருவரும் காசு கொடுப்பதில்லை. மழையில் மக்குவதைவிட நாலு பேருக்குப் பயன்படட்டும்.

கொப்புடையம்மன் துணை:
பங்காளிகள் கதையை என்னிடம் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு கையெழுத்துக்காக மலேசியாவுக்கு இன்னும் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பள்ளத்தூர்க்காரன்:
மன்னிக்கவும். பிசிபி, .177 அங்குலக் குழல். கட்டை இல்லை, முழுக்க அலுமினியம். வலது பக்கம் நகர்கிறது. முகப்பில் உட்கார்ந்து பின்கட்டுக் கதவு வரை சுடுகிறேன், 30 மீட்டர் இருக்கும்.

ரஸ்தா ராஜா:
கதவு மூடியிருக்கிறதா? உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. பின்வாசலில் யாராவது வந்து நிற்கப் போகிறார்கள். வெறும் கதவை நம்பாதீர்கள், முன்னால் குண்டைத் தடுத்துப் பிடிக்கும் கனமான பெல்லட் டிராப் வையுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடவும் வேண்டாம்.

குறிகாரர்:
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்தாயிற்று. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை, வாங்கிய அன்றே ஸ்பேனரைத் தூக்கிவிடுவார்கள். பெட்டியில் ஃப்ரீ ஃப்ளோட் என்று அச்சடித்துவிட்டால் ஆகிவிடுமா? பேரல் ஆக்‌ஷனில் (விசை இருக்கும் நடுப்பகுதி) மட்டும் பிடித்து நிற்க வேண்டும், அதற்கு முன்னால் எதுவும் தொடக்கூடாது. ஹேண்ட்கார்டும் அந்த நடுப்பகுதியின் கூடான ரிசீவரில் மட்டும்தான் உட்கார வேண்டும். உங்களுடையதில் முன்முனையில் ஒரு கிளாம்பு இருக்கும். அது காற்று சிலிண்டரையும் பேரலையும் சேர்த்துக் கவ்வியிருக்கும். சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் இருக்கும்போது ஒரு நிலை, சுட்டுக்கொண்டே போய் அழுத்தம் இறங்கும்போது வேறொரு நிலை. அசைவு மிகச் சிறியதுதான், ஆனால் பேரலைக் கூடவே இழுத்துவிடும். அதுதான் உங்கள் வலது பக்கம்.

ரஸ்தா ராஜா:
குறிகாரர் சொல்வது சரியாக இருக்கலாம், சோதித்துப் பார்ப்பதும் சுலபம். ஸ்கோப்பைத் தொடாமல் முழுக் காற்றில் ஒரு குரூப், 100 பாருக்கு இறங்கியதும் ஒரு குரூப், திரும்ப நிரப்பி இன்னொன்று. மூன்றாவது குரூப் முதல் இடத்துக்கே திரும்பி வந்தால் ஸ்கோப் மேல் பழி போடாதீர்கள். அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியில் அழுத்தம் மாறினால் வேகமும் மாறும், அது பெரும்பாலும் மேலும் கீழுமாகத்தான் தெரியும். பக்கவாட்டில் போகிறதென்றால் எதுவோ பேரலைத் தொடுகிறது.

இரும்புக்கை:
எதற்கும் ஸ்க்ரூவைப் பாருங்கள்.

கண்டனூர் கணேசன்:
கிளாம்பைக் கழற்றலாம். ஆனால் சில மாடல்களில் கம்பெனியே பேரலுக்கும் சிலிண்டருக்கும் ஒரு வளையம் போட்டிருக்கும். அதையும் சேர்த்து எடுத்துவிட்டால் மெல்லிய பேரல், உள்ளே இரண்டு சின்ன ஸ்க்ரூவில் மட்டும் நிற்கும். கதவு நிலையில் ஒரு இடி பட்டால் குறி மொத்தமாகப் போய்விடும். என் துப்பாக்கியில் வளையத்தை விட்டுவைத்து, உள்ளே பேரல் தொடாதபடி சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கிறேன்.

குறிகாரர்:
தொடாத வளையம் எதற்கு, அழகுக்கா?

கண்டனூர் கணேசன்:
இடி பட்டால் தாங்குவதற்கு. நீங்கள் துப்பாக்கியை பீரோவில் வைத்திருப்பவர், நான் தோப்புக்கு எடுத்துப் போகிறவன்.

கொப்புடையம்மன் துணை:
தோப்பில் எதைச் சுடுகிறீர்கள்? கொக்கா? வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் பக்கம் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசுகூட வெடிப்பதில்லை.

கண்டனூர் கணேசன்:
தகர டப்பாவைச் சுடுகிறேன் ஆச்சி. கொக்கைச் சுட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான், எனக்கும் தெரியும்.

ரஸ்தா ராஜா:
பள்ளத்தூர்த் தம்பிக்கு ஒன்று மட்டும். கழற்றுவதற்கு முன் பேரலில் பெல்லட் இல்லை என்று பார்த்துவிட்டுக் காற்றை முழுதாக இறக்குங்கள். சிலிண்டரில் துளை போடுவது, அராவுவது எதுவும் கூடாது, கீறல்கூட விழக்கூடாது. அது வெடிக்கிற சாமான். பவரை ஏற்றுகிற வேலையும் வேண்டாம். குண்டின் சக்தி 20 ஜூல் தாண்டினால் லைசென்ஸ் கேட்பார்கள்.

பள்ளத்தூர்க்காரன்:
கிளாம்புதான். திரும்ப நிரப்பியதும் குறி பழைய இடத்துக்கே வந்தது. அதைக் கழற்றிவிட்டேன், இப்போது ஹேண்ட்கார்டு ரிசீவர் ஸ்க்ரூக்களில் மட்டும் நிற்கிறது, வலது பக்கம் போகவில்லை. கம்பெனி வளையத்தைக் கழற்றவில்லை. எல்லோருக்கும் நன்றி. ஆத்தா சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

இரும்புக்கை:
பார்த்தீர்களா, ஸ்க்ரூதான்.

ஆசாரி மகன்:
கழற்றிய கிளாம்பு வேண்டாம் என்றால் எனக்குத் தாருங்கள், எனக்கு டார்ச் மாட்ட வேண்டும்.