புதுப்பிப்பு: ரத்ததான முகாமுக்கு என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவர்களைப் பழக்குவது

முகாமில் எந்த வேலைக்கு எந்த மாணவர் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தோம். "ரத்தம் கொடுக்க வந்து, தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களிடம் என்ன சொல்வது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். பயிற்சியில் அதிக நேரம் வேண்டியது அதற்குத்தான்.

வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 100 மி.லி. ரத்தத்தில் குறைந்தது 12.5 கிராம்: இவை மாணவர்களுக்கு மனப்பாடமாக வேண்டும். ஹீமோகுளோபின் போதுமா என்று பார்க்க, விரல்நுனி ரத்தத்துளி நீலநிற காப்பர் சல்பேட் கரைசலில் மூழ்கினால் சரி. மிதந்தால் அன்று கொடுக்க முடியாது. இதில் தடைபடுகிறவர்களில் பெண்களே அதிகம். முகம் வாடி நிற்பவரிடம் "உங்களுக்கு ரத்தம் இல்லை" என்று சொல்லவே கூடாது. "இன்னைக்கு அளவு கொஞ்சம் குறைவா இருக்குக்கா, டாக்டரை ஒருமுறை பாத்துடுங்க" என்று தனியாக அழைத்துச் சொல்லப் பழக்குங்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை அதைப் பக்குவமாகச் சொல்வதைப் பார்த்தால், அடுத்த தலைமுறை மேல் தானாக நம்பிக்கை வரும்.

மயக்கம் பெரும்பாலும் வெறும் வயிற்றாலும் அவசரமாக எழுவதாலும் வருகிறது. பதிவு மேசையிலேயே "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். ரத்தம் கொடுத்தபின் 15 நிமிடமாவது உட்காரவைக்க வேண்டும். பிஸ்கட், ஜூஸ் மேசைக்கு விவரமான ஆளைப் போடுங்கள். கண்காணிப்பு நடப்பது அங்கேதான். தலைசுற்றினால் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

மறுமுறை ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் கழித்து. என்எஸ்எஸ் பணி இரண்டே ஆண்டு என்பதால், கொடையாளர் பட்டியலை ஜூனியர்களிடம் தேர்வுக்கு முன்பே ஒப்படைக்கச் சொல்லுங்கள்.