கப்பல் காத்திருக்குமா? (அலாஸ்கா திமிங்கல டூர் பற்றி)

தக்கலைக்காரர்:
நேற்று மார்த்தாண்டம் ஜெயன் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. "அலாஸ்கா சுற்றுலாக் கப்பலில் விற்கிற, திமிங்கலம் பார்க்கும் டூர் பகல்கொள்ளை. வழியில் ஜூனோ துறைமுகத்தில் இறங்கி வெளியே படகு பிடியுங்கள், பாதி விலை. பிந்தினாலும் கப்பல் காத்திருக்கும், எனக்குக் காத்திருந்தது" என்கிறார். கப்பல் என்ன களியக்காவிளை பஸ்ஸா, கைகாட்டினால் நிற்க? கப்பல்காரர் ஏற்பாடு செய்த டூர் பிந்தினால் காத்திருப்பார்கள். நீராகப் போய்ப் பிந்தினால் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. அடுத்த துறைமுகத்துக்கு உம் சொந்தச் செலவில் விமானம்தான்.

மார்த்தாண்டம் ஜெயன்:
காத்திருந்தது. 8.30க்குள் ஏற வேண்டும், நான் போய்ச் சேர்ந்தது 9.10. கப்பல் அங்கேயே நின்றது. கண்ணால் கண்டவன் நான்.

சுனிதா:
ஜூலையில் சியாட்டிலிலிருந்து போகிறோம். மாமியாருக்கு 72 வயது, படகு ஆடினால் வாந்தி. பெரிய படகா, சின்னப் படகா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொளச்சல் அலை:
இவ்வளவு காசு கொட்டி அலாஸ்கா எதற்கு? இலங்கையில் மிரிஸ்ஸாவுக்குப் போனால் நீலத் திமிங்கலமே பார்க்கலாம். அங்கே கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கடல் கிடுகிடுவென ஆழம்.

தக்கலைக்காரர்:
அவர்கள் போவது ஜூலையில். மிரிஸ்ஸா சீசன் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. கொளச்சல்காரர் நீர், ஆனி ஆடிக் கடல் எப்படி என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஜூன், ஜூலை இரண்டு மாதமும் உங்கள் பக்கம் விசைப்படகுக்குத் தடை வேறு. அந்த மாதங்களில் இலங்கை என்றால் திருகோணமலைப் பக்கம்தான். சரி, அதுவா பேச்சு? கப்பல் காத்திருக்காது.

கொளச்சல் அலை:
தடை மீன் குஞ்சு பொரிப்பதற்காக, அலைக்காக அல்ல. கடலைப் பற்றித் தக்கலையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் சாரே. எங்கள் அப்பா வள்ளத்திலேயே திமிங்கலம் பார்த்தவர். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி.

தக்கலைக்காரர்:
வெள்ளைப் புள்ளி என்றால் அது சுறா ஓய்! வால் இடம் வலமாக ஆடியதா, மேலும் கீழுமா? சுறாவுக்கு வால் நெட்டுக்குத்தாக நிற்கும், திமிங்கலத்துக்குத் தட்டையாக விரிந்திருக்கும். ஜூனோவில் ஒரு கூன்முதுகுத் திமிங்கலம் முங்கும்போது வாலின் அடிப்பக்கத்தைக் காட்டியது. கருப்பில் வெள்ளை, சுண்ணாம்பை அள்ளி வீசியதுபோல. நம் கைரேகை மாதிரி ஒவ்வொன்றுக்கும் அது வேறு. அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் பிடிக்கிறார்கள். காற்று எங்கள் பக்கம் வீசியபோது அதன் மூச்சு நாற்றமும் வந்தது, மூன்று நாள் பழைய அயிலை மீன் மாதிரி. 100 கஜத்துக்குள் படகு நெருங்கக் கூடாது, அந்தத் தூரத்திலேயே இப்படி.

கொளச்சல் அலை:
அப்பாவைப் பொய்யர் என்கிறீரா?

நாகர்கோவில் பிரபா:
திமிங்கலம் தென்படாவிட்டால் பணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவோம் என்று சில படகுக்காரர்கள் சொல்கிறார்களே, 'தென்பட்டது' என்றால் என்ன கணக்கு? தூரத்தில் மூச்சு பீய்ச்சினாலே போதுமா, முதுகு தெரிய வேண்டுமா? முதலில் அதை முடிவு செய்துகொண்டு அப்புறம் சண்டை போடலாமே.

மார்த்தாண்டம் ஜெயன்:
அதெல்லாம் இருக்கட்டும். மகள் காசில் ஒரே ஒரு தடவை போய்விட்டு வந்தவருக்கு இவ்வளவு வாயா? காத்திருந்தது.

தக்கலைக்காரர்:
என் மகள் காசு, உமக்கென்ன வலி? நீர் சொன்னீர் என்று நம்பி மூணாறுக்கு ஒரு பஸ்ஸில் ஏறி, ராத்திரி பூரா வழியில் கிடந்தவன் நான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். 9.10 என்று பார்த்தது போனிலா, கைக்கடிகாரத்திலா?

மார்த்தாண்டம் ஜெயன்:
வாட்சில். ஏன், அதற்கும் குற்றமா?

தக்கலைக்காரர்:
நீர் ஏறியது எங்கே?

மார்த்தாண்டம் ஜெயன்:
சியாட்டில்.

தக்கலைக்காரர்:
அப்படி வாரும். அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட 1 மணி நேரம் பின்னால். வாட்சை மாற்றினீரா? மாற்றாவிட்டால் உம் 9.10 அங்கே 8.10. நீர் பிந்தவே இல்லை ஓய், 20 நிமிடம் முந்திப் போயிருக்கிறீர்! கப்பல் யாருக்கும் காத்திருக்கவில்லை.

மார்த்தாண்டம் ஜெயன்:
ஓடி வந்தவன் நான். மூச்சு வாங்கியது எனக்கு. கப்பல் நின்றது நின்றதுதான்.

கொளச்சல் அலை:
அப்பாவைப் பற்றிச் சொன்னதை முதலில் வாபஸ் வாங்கும்.

சுனிதா:
அண்ணாச்சி, மாமியார்...

தக்கலைக்காரர்:
பிள்ளே, பெரிய படகு எடு. ஜூனோப் பக்கம் கடல், தீவுகளுக்கு நடுவே இருக்கிற உள்கடல், அவ்வளவு ஆட்டம் இருக்காது. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வாந்திக்கு அவோமின் மாத்திரை, டாக்டரிடம் கேட்டுவிட்டு. கப்பல் டூராகவே எடு. ஏனென்றால்...

மார்த்தாண்டம் ஜெயன்:
காத்திருக்கும் பிள்ளே, பயப்படாதே.

தக்கலைக்காரர்:
வாட்சை மாற்றினீரா இல்லையா? அதைச் சொல்லும்.