1.2 மீட்டர், 13 விநாடி: இறங்கலாமா? ரிப்பில் மாட்டினால் நீந்துவதா, மிதப்பதா?

நுரைப்பலகை கேட்டது:

அலைச்சறுக்கு பழகுகிறேன், எட்டடி ஃபோம் பலகை. நுரை அலையில் எழுந்து நிற்க வரும், உடையாத பச்சை அலை இன்னும் பிடிபடவில்லை. நாளைக்கு அலை உயரம் 1.2 மீட்டர், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 13 விநாடி, மெல்லிய நிலக்காற்று என்று முன்னறிவிப்பு. போன வாரமும் இதே 1.2 மீட்டர்தான், ஆனால் 7 விநாடி. உயரம் ஒன்றாக இருக்கும்போது இந்த விநாடிக் கணக்கு அவ்வளவு முக்கியமா?

இன்னொரு சந்தேகம். ரிப் கரண்டில், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப்போகும் நீரோட்டத்தில், மாட்டினால் கரைக்கு இணையாக நீந்து என்கிறார்கள் சிலர். நீந்தாதே, மித, அதுவே சுற்றிக் கொண்டுவந்து விடும் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? கரையில் நின்றே ரிப்பை அடையாளம் காண முடியுமா?

உப்புக்காற்று:

விநாடியை முதலில் பாருங்கள், உயரத்தை அப்புறம். அலை சுமந்துவரும் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தோடு விநாடியைப் பெருக்கிய அளவில் கூடும். உயரம் ஒன்றே என்றால் 13-ஐ 7-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: நாளைக்கு ஏறக்குறைய 1.9 மடங்கு. ஆழ்கடலில் அலைநீளம் மீட்டரில் வேண்டுமானால் விநாடியின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்க வேண்டும். 7 விநாடிக்கு 76 மீட்டர், 13 விநாடிக்கு 264 மீட்டர். அதில் பாதி ஆழம் வந்ததுமே அலை தரையை உணரத் தொடங்கும். ஆகவே நீள அலை வெகு தொலைவிலேயே தரையில் உரசி, வளைந்து, கரைக்கு வரும்போது முன்னறிவிப்பு எண்ணைவிட உயர்ந்து உடையும். 7 விநாடி அலை பெரும்பாலும் பக்கத்துக் காற்று கிளப்பியது. குழம்பலாக இருக்கும், தள்ளு குறைவு.

அந்த 1.2 மீட்டர் என்பது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி என்பதையும் நினைவில் வையுங்கள். நடுவே ஒற்றை அலை அதைப்போல் இரு மடங்கு வரை வரலாம். நீள அலைகள் கூட்டமாக வரும், அந்தக் கூட்டம்தான் செட். ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் இடையே பத்து நிமிடம்கூடக் கடல் தூங்கும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இடுப்பளவுதான் என்று இறங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். குறைந்தது 20 நிமிடம் நின்று பாருங்கள். நிலக்காற்று அலையின் முகத்தைச் சீவி அழகாக்கும். அழகாக இருப்பதாலேயே சின்னதாகவும் தெரியும்!

மணல்திட்டு:

ரிப் எங்கே என்று தேடாதீர்கள். அலை எங்கே உடையவில்லை என்று தேடுங்கள்.

நீரின் ஆழம் அலை உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடையும். மணல் திட்டின்மேல் வெள்ளையாகக் கொட்டுவது அதனால்தான். இரண்டு திட்டுக்கு நடுவே வாய்க்கால்போல் அறுந்த இடத்தில் ஆழம் அதிகம், அலை உடையாது, நீர் கருத்துக் கிடக்கும். திட்டைத் தாண்டி உள்ளே விழுந்த நீர் திரும்பிப் போக அந்த வாய்க்கால்தான் வாசல். "இங்கே அலையே இல்லை" என்று குழந்தையை இறக்கிவிடுவதும் சரியாக அங்கேதான்.

இருபுறமும் வெள்ளை, நடுவில் கருப்பு என்பது முதல் அடையாளம். அந்த இடைவெளியில் நீர்ப்பரப்பு சிலிர்த்திருக்கும். நுரையோ பாசியோ கலங்கிய மணலோ கடல் பக்கம் நகரும். மேட்டில் ஏறி நின்றால் எளிதாகப் பிடிபடும், போலரைஸ்டு கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. பாறைமுனை, தூண்டில் வளைவு, துறைச் சுவர் ஆகியவற்றின் ஓரத்தில் எப்போதும் ரிப் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய செட் கொட்டியதும் திடீரென்று கிளம்பி அடங்கும் வகையும் உண்டு. அதற்கு முன்னடையாளம் கிடையாது.

இப்போது நீந்துவதா, மிதப்பதா என்பது. வழக்கமான வேகம் விநாடிக்கு அரை மீட்டர் அளவு. உச்சத்தில் 2.4 மீட்டர் வரை பதிவாகியிருக்கிறது, அதாவது 50 மீட்டரை 21 விநாடியில் நீந்தும் ஒலிம்பிக் வீரரின் வேகம். கரையை நோக்கி நேராக எதிர்நீச்சல் போடக் கூடாது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ரிப் ஆளை அடியில் இழுக்காது, வெளியே கொண்டுபோகும். மூழ்கடிப்பது களைப்பும் பதற்றமும்.

கடலியல் ஆய்வாளர் ஜேமி மக்மஹானும் கூட்டாளிகளும் ஜிபிஎஸ் பொருத்திய மிதவைகளை ரிப்பில் விட்டுப் பார்த்தபோது, பெரும்பாலானவை வெளிக்கடலுக்குப் போகாமல் சுற்றித் திட்டுக்கே திரும்பின. மிதந்தாலே போதும் என்ற பேச்சுக்கு வலு வந்தது இதனால்தான். ஆனால் எல்லாக் கரையும் அப்படி இல்லை. பாறையோர ரிப் நேராக வெளியே கொண்டுபோய் விட்டுவிடும். இணையாக நீந்துவதிலும் ஒரு சிக்கல்: கரையோரமாக ஓடும் நீர் வாய்க்காலுக்குள் நுழையும் பக்கத்தை நோக்கி நீந்தினால், அதுவும் எதிர்நீச்சல்தான்.

நான் சொல்வது இந்த வரிசை: முதலில் மல்லாந்து மிதந்து மூச்சை நிதானப்படுத்துங்கள், ஒரு கையை உயர்த்தி அசையுங்கள். எந்தப் பக்கம் வெள்ளை நுரை பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ரிப் பெரும்பாலும் 25 மீட்டர் அகலத்துக்குள் என்பதால் அந்த நுரையை நோக்கி நிதானமாக நீந்தலாம். சில பத்து கை வீச்சில் முன்னேற்றம் தெரியாவிட்டால் நிறுத்தி, மறுபடி மிதந்து, எதிர்ப்பக்கம் முயலுங்கள்.

கரைக்காவல்:

பலகை இருப்பவருக்கு ஒரு திருத்தம்: மல்லாந்து மிதக்க வேண்டாம். பலகைமேல் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள், என்ன ஆனாலும் அதை விடாதீர்கள். பக்கவாட்டில் நுரைக்குக் கையால் துடுப்புப் போட்டு, படுத்தபடியே அலையில் கரைக்கு வந்துவிடலாம். லீஷ், அதாவது பலகையைக் காலோடு இணைக்கும் கயிறு, பலகை நீளத்துக்கு இருக்கட்டும். வெல்க்ரோவில் மணல் ஏறியிருந்தால் முதல் இழுப்பிலேயே பிரிந்துவிடும், கழுவிக் கட்டுங்கள்.

கொடியும் பாருங்கள். மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்ற இரண்டு கொடிக்கு நடுவே குளிப்பவர்கள் இடம், அங்கே பலகை கூடாது. கருப்பு வெள்ளைக் கட்டம் போட்டது பலகைக்காரர்களுக்கு. இரட்டைச் சிவப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது.

வேறொருவர் மாட்டியதைக் கண்டால் வெறுங்கையோடு பாயாதீர்கள். காப்பாற்றப் போனவர் மூழ்குவதுதான் இதில் அடிக்கடி நடக்கிறது. மூடி இறுக்கிய காலி கேனோ பலகையோ தூக்கிப் போடுங்கள். ஒருவரை உதவிக்கு ஓடவிட்டு, நீங்கள் கண்ணை எடுக்காமல் விரலால் சுட்டிக்கொண்டே நில்லுங்கள். தலை ஒருமுறை பார்வையிலிருந்து போனால் திரும்பக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நுரைப்பலகை:

நன்றி. காலை 9-க்கு நீர் முழுக்க வற்றுகிறது, 3-க்கு ஏற்றம். எந்த நேரம் நல்லது?

மணல்திட்டு:

9-ஐ ஒட்டி வேண்டாம். நீர் வற்றும்போது திட்டின்மேல் அலை பலமாக உடையும், வாய்க்கால் ஒடுங்கும், ரிப் கூர்மையாகும். 3-ஐ ஒட்டியும் வேண்டாம். சரிவான கரையாக இருந்தால் அலை கரையிலேயே குத்தி விழுந்து கழுத்தைப் பதம் பார்க்கும். 11 முதல் 1 வரை பாருங்கள், இடுப்பாழத்துக்குள் நுரை அலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரையில் ஒரு கம்பத்தையும் அதன் பின்னால் ஒரு மரத்தையும் ஒரே கோட்டில் குறித்து வையுங்கள். கோடு விலகினால் நீங்கள் நகர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், வெளியே வந்து நடந்து திரும்பி இறங்குங்கள்.